கத்தியா, கட்டிலா?

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை. திருமுருகன்பூண்டியில் பின்னலாடை நிறுவனங்களின் ஷிப்டு முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளை. லைன் வீடு ஒன்றில் எண்பத்தொன்பது வயது மூதாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று எனக்குச் செய்தி வந்தது. மகனும் மருமகளும் கம்பெனிக்குப் போயிருந்தனர். பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை இரண்டு மணி நேரம் அவர் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். நான் மருத்துவமனையை அடைந்தபோது அவரது வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடந்தது.

"தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது, இடுப்பு மூட்டின் பந்தை மாற்ற வேண்டும்" என்று மருத்துவர் கூறியிருந்தார். மகன் என்னைத் தனியே அழைத்தார். "அம்மாவுக்கு எம்பத்தொம்பது ஆச்சுங்க சாமி. இந்த வயசுல கத்தி வெச்சா தாங்குவாங்களா? பேசாம வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?" என்று கேட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் ஒரு முதியவரின் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்டபோது, "இந்த வயதில் ஏன் துன்புறுத்த வேண்டும்? அமைதியாக இருக்கட்டும்" என்று கூறியவன் நான். அவருக்கு அமைதி கிட்டவில்லை. ஆறு வாரங்கள் படுக்கையில் கிடந்தார். துணி மாற்றும்போதெல்லாம் அலறினார். முதுகில் புண் வந்தது. பின்னர் நெஞ்சில் சளி கட்டியது. அவரை அடக்கம் செய்த நாளில்தான், அறியாத பொருளில் அறிவுரை கூறிவிட்டேன் என்பதை உணர்ந்தேன். அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எலும்பு ஏன் ஒட்டுவதில்லை?

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதனுள் சுழலும் ஒரு பந்தும் போன்றது. பந்து, தொடை எலும்பின் தலை. அதைத் தாங்குவது கழுத்து. தலைக்குச் செல்லும் குருதி பெரும்பாலும் இக்கழுத்தை ஒட்டியே ஏறுகிறது. கழுத்து முறிந்து விலகினால் அக்குழாய்களும் சிதைகின்றன; தலை உயிரற்றுப் போகிறது. ஆகவே முதியோருக்குப் பழைய பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்துகிறார்கள். சிலருக்குக் கிண்ணத்தையும் மாற்றுகிறார்கள். கழுத்திற்குக் கீழே முறிந்திருந்தால் மூட்டை மாற்றாமல் கம்பியோ தகடோ வைத்து இணைப்பதே வழக்கம்.

புத்தூர்க் கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று அண்டை வீட்டார் சொல்வதுண்டு. கைகால் எலும்பைக் கட்டு அசையாமல் பிடிக்கலாம். சதைக்குள் ஆழத்தில் இருக்கும் இம்மூட்டைக் கட்டு பிடிக்காது. அற்றுப்போன குருதியோட்டத்தையும் அது மீட்டுத் தராது. அதில் கழியும் நாட்கள் முதியவருக்கு நட்டமே.

இரு பக்கமும் ஆபத்து

அறுவைக்கு ஆபத்து உண்டு என்பதை மறைக்கலாகாது. மிக முதிர்ந்த வயதில் இதயம் தளரலாம்; நுரையீரலில் சளி கட்டலாம்; காலில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளலாம். எலும்புச் சிமெண்டு வைக்கும் வேளையில் சிலருக்குக் குருதியழுத்தம் திடீரென்று தாழ்வதும் உண்டு. புண்ணில் கிருமி தொற்றலாம். புதிய பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம்.

வேறோர் இடர் குடும்பத்தாரை மிகவும் அச்சுறுத்துகிறது. அதுவே மனக்குழப்பம். அறுவைக்குப் பின் முதியவர் பிள்ளைகளை அடையாளம் காணாமல் பிதற்றுவார். இரவில் எழுந்து ஓட முயல்வார். இது பைத்தியம் அன்று. பெரும்பாலும் சில நாட்களில் தணியும். சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் உடனே அணிவியுங்கள். பகலில் வெளிச்சத்தில் வையுங்கள். பழகிய முகம் ஒன்று எப்போதும் அருகில் இருக்கட்டும்.

மறுபுறம், அறுவையின்றிக் கட்டிலில் கிடப்பதும் ஆபத்தே. சளி, குருதிக்கட்டி, படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று ஆகிய அனைத்தும் அங்கேயே காத்திருக்கின்றன. அவற்றோடு ஓயாத வலியும் சேர்கிறது. இடுப்பு முறிந்த முதியோரில் நால்வரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை ஓராண்டிற்குள் இறக்கின்றனர் என்று பல நாடுகளின் கணக்குகள் கூறுகின்றன. கத்தி மட்டும் இதற்குக் காரணம் அன்று. முறிவும், முன்பே இருந்த நோயும், படுக்கையும் சேர்ந்தே உயிரை வாங்குகின்றன.

மூட்டுத் தேய்மானத்திற்காக நாள் குறித்துச் செய்யும் மாற்று அறுவையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி செம்மைப்படுத்திய அறுவை அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 முதல் 2011 வரை அதைச் செய்துகொண்ட நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தனர். தொண்ணூறு நாட்களுக்குள் இறந்தோர் 2003-இல் நூற்றுக்கு 0.56 பேர், 2011-இல் 0.29 பேர். வயது ஏற ஏற இவ்வபாயம் கூடும் என்பது உண்மை. ஆயினும் அங்கே ஆயத்தம் செய்ய நேரம் இருக்கிறது; முறிவில் அந்த நேரம் இல்லை.

உலகறிந்த மூவர்

பிரித்தானிய அரசியின் தாயார் எலிசபெத், 1995-இல் தம் 95-ஆம் வயதில் ஓர் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டார். 1998 ஜனவரியில் விழுந்து மறு பக்கம் முறிந்தபோது, 97 வயதில் அதையும் மாற்றினர். 2002-இல் தம் 101-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய மருமகன் இளவரசர் பிலிப்பு 2018-இல், 96 வயதில், மூட்டு மாற்றிக்கொண்டு மூன்றாண்டுகள் வாழ்ந்தார்.

நம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1994 ஏப்ரல் 28 அன்று குளியலறையில் விழுந்தார். மறுநாளே உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் அவருக்குச் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டது. அப்போது அவருக்கு வயது 73. ஒன்பது மாதங்கள் நிறையுமுன், 1995 ஜனவரியில், கொழும்பு நகருக்கு வந்து ஜோசப் வாஸ் அடிகளாரை அருளாளராக உயர்த்தினார். எனினும் கைத்தடி அவரோடு தங்கிவிட்டது. பழைய நடை மீளவில்லை. அறுவை மீண்டும் நடக்க வைக்கலாம், இளமையைத் திருப்பித் தராது என்பதற்கு அவரே சான்று. மேலும், இம்மூவருக்கும் கிடைத்த கவனிப்பு எல்லார்க்கும் கிடைப்பதன்று என்பதையும் நினைவில் கொள்வோம்.

காலம் தாழ்த்தலாகாது

முறிவு நேர்ந்தால் மருத்துவமனையில் சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை செய்வதும், அறுவைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்துவதும் நல்லது என்பது இன்றைய மருத்துவ நெறி. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறக்குறைய மூவாயிரம் பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஆறு மணி நேரத்தில் அறுவை செய்ததால் இருபத்து நான்கு மணி நேரத்தைவிட இறப்பு குறையவில்லை. ஆனால் மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைந்தன. நோயாளிகள் விரைவில் எழுந்து நின்றனர். ஆகவே மணிக்கணக்கில் பதற வேண்டியதில்லை. உறவினரெல்லாம் வந்து சேரட்டும் என்று நாட்கணக்கில் காத்திருத்தலே தவறு.

மறுப்பது எப்போது தகும்?

நெதர்லாந்தில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, மிகவும் தளர்ந்த 172 பேரைப் பற்றிய ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. மருத்துவரும் குடும்பமும் கலந்து பேசியபின் 88 பேருக்கு அறுவை வேண்டாம் என முடிவாகி, வலி தணிக்கும் மருத்துவம் நன்கு அளிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஒரு மாதத்திற்குள் இறந்தனர். ஆயினும் எஞ்சிய நாட்களின் நலம் அறுவை செய்துகொண்டோருடையதைவிடத் தாழ்ந்திருக்கவில்லை. என் பழைய தவறு எதுவென்று இப்போது விளங்கும். வேண்டாம் என்றது மட்டுமே என் பிழை அன்று. எவரையும் கேளாமல், வலிக்கு ஏற்பாடு செய்யாமல் வேண்டாம் என்றேன்.

நோயாளிக்குப் பளுவாகி, பயனும் தராத மருத்துவத்தை ஏற்கும் கடமை இல்லை என்று 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரும், 1980-இல் வெளிவந்த திருச்சபை அறிக்கையும் தெளிவுபடுத்தியுள்ளன. ஆயின் அம்முடிவு நோயாளியின் விருப்பத்தையும் நலத்தையும் பார்த்து எடுக்கப்பட வேண்டும். நம் அச்சத்தையோ அலுப்பையோ பார்த்தன்று.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

விழுவதற்கு முன் இவர் எவ்வளவு நடந்தார் என்பதை முதலில் சொல்லுங்கள். எதிர்பார்ப்பை அதுவே வரையறுக்கும். உண்ணும் மருந்துகளை, முக்கியமாகக் குருதியை இளக்கும் மாத்திரைகளை, கையோடு கொண்டு போங்கள். இதயமும் சிறுநீரகமும் தாங்குமா, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய இயலுமா, எந்நாளில் எழுப்பி நிறுத்துவீர்கள், அறுவை செய்யாவிடில் வலிக்கு என்ன வழி என்று கேளுங்கள். முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால் இச்சிகிச்சைக்கு அது பொருந்துமா என்றும் கேளுங்கள். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருப்பதை மறவாதீர்கள். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரிடமே முதலில் கேளுங்கள். கால் அவருடையது.

குருவானவரையும் காலத்தோடு அழையுங்கள். "அவஸ்தைப் பூசுதல்" என்ற பழைய பெயர் இன்னும் பலரை மிரட்டுகிறது. இது நோயில் பூசுதல். கடுமையான நோயால் அறுவைக்குச் செல்பவரும், முதுமையால் தளர்ந்தவரும் பெறலாம்.

அந்த மூதாட்டி

அன்று மகனிடம், "அம்மாவையே கேட்போம்" என்றேன். கேட்டோம். "நான் எந்திரிச்சு நடக்கோணும் சாமி" என்றார் அவர். மூன்றாம் நாள் அறுவை நடந்தது. இரண்டு இரவுகள் மகனைத் தம் இறந்த கணவர் பெயரால் அழைத்தார், பின்னர் தெளிந்தார். இன்று வாக்கரைப் பிடித்துத் திண்ணைவரை வருகிறார். கோவில்வரை வர இயலவில்லை. முதல் வெள்ளிதோறும் நான் நற்கருணையோடு செல்கிறேன். முன்போல் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து பனியன் பிசிர் வெட்ட முடியவில்லை என்பதே அவரது குறை. மூட்டு நழுவாதிருக்கத் தரையில் அமர்வதும் குந்துவதும் கூடாதென்பது மருத்துவர் கட்டளை.

அவ்வீட்டுக் குளியலறையில் இப்போது சுவரில் ஒரு கைப்பிடி இருக்கிறது. உயர்ந்த கழிப்பிருக்கையும் இரவு விளக்கும் இருக்கின்றன. விழுந்த பின்னர் வைத்தவை அவை. நம் வீடுகளில் விழுமுன் வைப்போம்.