பட்டறையின் பழைய புகைபோக்கி அடுப்பு

கருணாபுரம் தொடங்கிக் கல்வராயன் மலையடிவாரம் வரை, எரிவாயு வந்த பின்னரும், விறகடுப்பு ஓய்ந்துவிடவில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய தச்சுப் பட்டறைகளில் துண்டு மரம் நாள்தோறும் மிஞ்சுகிறது. வெந்நீர் வைக்கவும் வச்சிரம் உருக்கவும் மூலையிலுள்ள பழைய அடுப்பே போதும். ஆனால் அது புகையை உள்ளே விடுமாயின் பெருந்தீங்காகும். வீட்டுப் புகையால் 2020-இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது.

முதலில் அடுப்பின் வகையை அறிதல் வேண்டும். விறகிடும் வாய் ஒன்றே இருக்க, பாத்திரக் குழிகள் இரண்டு அல்லது மூன்று இருந்து, அவை உட்சுரங்கத்தால் இணைந்து, கடைசியில் குழாயை அடையுமானால், அது புகையில்லா அடுப்பு இனத்தைச் சேர்ந்தது. வார்தாவில் ஜே. சி. குமரப்பா நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மகன்வாடியிலிருந்து 1940-களில் வெளிவந்த ‘மகன் அடுப்பு’ இவ்வினத்தின் முன்னோடி. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தின் டாக்டர் எஸ். பி. ராஜு, தாம் வகுத்த அடுப்பை 1953-இல் நூல் வாயிலாக விளக்கினார். மத்திய அரசாங்கத்தின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1980-களில் தொடங்கி 2002 வரை நடைபெற்றது. இன்று காணப்படும் பழைய அடுப்புகளில் பல அக்காலத்தவை.

அடுத்து, குழாயை நோக்குக. திட்ட காலத்தில் 3 அங்குலக் கல்நார் சிமெண்டுக் குழாய்கள் மிகுதியாகப் பொருத்தப்பட்டன. கல்நார்த் தூசு நுரையீரலில் புற்றுநோய் விளைவிக்கும். ஆகவே அக்குழாயை அறுத்தலும் உடைத்தலும் உலர்ந்த நிலையில் சுரண்டுதலும் கூடா. நன்கு நனைத்து, முழுதாகக் கழற்றி, தடித்த பையில் கட்டி, ஊராட்சி அலுவலர் ஆலோசனைப்படி அகற்றுக. அதற்குப் பதிலாகச் சுட்ட மண் குழாயோ இரும்புக் குழாயோ பொருத்தலாம்.

சீரமைப்பு கடினமன்று. சூடான காற்று இலேசாகி மேலெழும்போது, வாய் வழியே புதுக்காற்றை இழுக்கிறது. இவ்விழுவை கெடுவதற்குக் காரணங்கள் மூன்று: கரி அடைப்பு, வெடிப்பு, பாத்திரம் பொருந்தாத குழி. நீண்ட கம்பியால் சுரங்கத்தையும், தூரிகையால் குழாயையும் துப்புரவு செய்க. களிமண், மணல், நறுக்கிய வைக்கோல், சாணம் சேர்த்துப் பிசைந்த கலவையால் வெடிப்புகளை அடைக்கவும். சிமெண்டுப் பூச்சு வெப்பத்தில் வெடித்துவிடும். நிழலில் உலரவிட்டு, சில நாள் சிறு நெருப்பே மூட்டுக. பின்னர்ச் சிறிது வைக்கோலைக் கொளுத்திப் பாருங்கள். புகை வாய்ப்புறம் திரும்பாமல் குழாய்க்குள் சென்றால் வேலை நிறைவுற்றது. பயன்படாத குழியை எப்போதும் மூடிவைத்தல் அவசியம்.

எரிபொருளிலும் கருத்து வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகும். அதை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகிறது. வண்ணம் பூசியதும் ஒட்டுப்பலகையும் நச்சுப்புகை தருமாதலால் அவற்றை எரித்தல் தகாது. சீவல்களும் மரத்தூளும் அடுப்பினின்று தொலைவில் இருக்கட்டும். மணல் வாளி ஒன்று அருகில் இருக்கட்டும். குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் மரமோ ஓலையோ தொடாதவாறு இரும்புத் தகடு வைத்து இடைவெளி விடுக. சன்னலை மூடி அடுப்பெரிப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டிலுள்ள பட்டறைகளையும் பொதுச் சமையற்கூடங்களையும் ஒருமுறை பார்வையிட்டு, பழுதான புகைபோக்கிகளைக் குறித்து, கிராமசபையில் எடுத்துரைப்பார்களாக. சீர்ப்படுத்தத் தக்கதைச் சீர்ப்படுத்துவோம். தகாததை உரியமுறையில் அகற்றுவோம். கைவினைஞரின் கண்ணும் நெஞ்சும் நலமாயிருந்தாலன்றோ கைத்திறன் நிலைக்கும்!