ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிச் சத்தம் கேட்டால், அங்கே ஓடுவது பேண்டேஜ் துணியாகத்தான் இருக்கும். இழைகளுக்கு நடுவே இடம் விட்டு நெய்து, வெளுத்து, ஈரத்தை உறிஞ்சும்படி ஆக்குவார்கள். அந்தத் துணி புண்ணை ஆற்றுவதில்லை. கசிவை உறிஞ்சும், அழுக்கை மறிக்கும், அவ்வளவுதான். ஆற்றும் வேலை அதற்கு அடியில் நடக்கிறது.

தோல் கிழிந்ததும் தட்டணுக்கள் கூடி ரத்தத்தை உறைய வைக்கின்றன. வெள்ளணுக்கள் கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்குகின்றன. பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் இழைகளால் குழியை நிரப்ப, ஓரத்துத் தோல் செல்கள் பெருகி நடுப்பக்கம் நகர்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் கையில் கொதிக்கும் பால் தெறிக்கிறது என்று வையுங்கள். மேலோட்டமாக வெந்திருந்தால் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் மிஞ்சிய குருத்தணுக்கள் பெருகி, புண்ணின் நடுவிலேயே திட்டுத் திட்டாகத் தோல் வளரும். அவையும் வெந்துபோனால் ஓரத்திலிருந்து மட்டுமே வளர முடியும். புண் பெரிதென்றால் வேறிடத்துத் தோலை எடுத்துத்தான் ஒட்டவேண்டும். பற்பசை, மை எதையும் பூசாமல், சுட்ட உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டுவது காயம் ஆழமாவதைக் குறைக்கும்.

காயமே படாவிட்டாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை. குடலின் உள்பூச்சு ஐந்து நாளுக்குள் புதிதாகிறது. சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். இதயத் தசைதான் கஞ்சன்: இளவயதிலேயே வருடத்துக்கு நூற்றில் ஒரு பங்குதான் புதுப்பிக்கும். அதனால்தான் மாரடைப்பில் செத்த தசை இருந்த இடத்தில் வடு மட்டும் மிஞ்சுகிறது.

“புண்ணைக் காத்தாட விடு” என்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் காயங்களை ஒப்பிட்டு, ஈரப்பதத்தோடு மூடியவை ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தோல் மூடுவதைக் காட்டினார். காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுச் செல்கள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிப் போகவேண்டியிருக்கிறது.

துணி காய்ந்து ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். முந்தைய நாட்களில் வளர்ந்த செல்களும் கூடவே வந்துவிடும். கொதித்து ஆறிய நீரில் நனைத்து மெல்ல எடுங்கள். சர்க்கரை நோயாளியின் காலில் புண் வந்தால், சின்னதாக இருந்தாலும், அது தானே ஆறட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.