மண்ணும் மலையும் திராட்சைக்குத் தருவது

நெமிலி வட்டாரத்தில் ஏரிப்பாசனத்தை நம்பி நெல் விளையும் வயல்களுக்கும், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் கல்தூண் பந்தல்களில் பன்னீர்த் திராட்சை படரும் தோட்டங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, பாய்ச்சிய நீர் மண்ணில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். நெல் தேங்கிய நீரில் செழிக்கும். திராட்சையின் வேருக்கோ ஈரத்தோடு காற்றும் வேண்டும் என்பதால், நீர் வடியாத களிமண்ணில் அது அழுகிவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளைகள் இருபுறமும் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கு, 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் பாசனம் பெற்றது. உறைய வைக்கும் குளிர் அங்கே இல்லாததால், குளிர்நாட்டுக் கொடிகளைப் போல இலையுதிர்த்து மாதக்கணக்கில் உறங்காமல், கவாத்து செய்த, அதாவது பழைய கிளைகளை வெட்டி ஒடுக்கிய, ஏறக்குறைய நான்கு மாதங்களில் கொடி மீண்டும் பழம் தருகிறது. ஆகவே ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பழம், மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகையைச் சேர்ந்தது.

இதே நீர்வளம் ஒயினுக்கு முழுவதும் உகந்ததன்று. பழுத்த கறுப்புத் திராட்சையைப் பிதுக்கினால் சாறு நிறமற்றே வழியும். சிவப்பு ஒயினின் நிறமும், நாவைச் சுருக்கும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருகின்றன. நீர் தாராளமாகக் கிடைத்தால் கொடி இலையும் தழையுமாக ஓடி, பழமும் பருத்து, சாற்றின் அளவுக்குத் தோல் குறைந்துபோகிறது. நீர் சற்றே குறையும்போது தளிர் ஓட்டம் நின்று, சிறுத்த பழத்தில் சுவை செறிகிறது. பிரான்சின் போர்தோ பகுதியில் சரளை மண்ணும், ஜெர்மனியின் மோசல் ஆற்றோரத்தில் செங்குத்தான பலகைக்கல் சரிவுகளும் புகழ்பெற்றதற்கு, நீரை விரைந்து வடியவிடும் இயல்பும் ஒரு முக்கியக் காரணம். பாறையின் சுவையே ஒயினில் இறங்குகிறது என்று பலர் நம்பினாலும், வேர் உறிஞ்சுவது நீரையும் அதில் கரைந்த உப்புகளையும் மட்டுமே. மணம் பெரும்பாலும் பழத்திலும், நொதித்தலின்போதும் உருவாகிறது.

மண்ணுக்கு நிகரானது உயரம். இரவு குளிர்ந்தால் பழத்தின் புளிப்பு கரையாமல் தங்கும். புளிப்பில்லாத ஒயின் சப்பென்றிருக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், எரிமலைக் குழம்பு இறுகிய தக்காணப் பாறை மண்ணில் அமைந்த நாசிக்கும், கருங்கல் சிதைந்த செம்மண் கொண்ட பெங்களூரு அருகிலுள்ள நந்தி மலைப் பகுதியும் இந்திய ஒயின் ஆலைகளின் முக்கிய நிலங்களாக வளர்ந்ததில் இக்குளிருக்கும் பங்குண்டு. அங்கே ஆண்டுக்கு ஓர் அறுவடையே எடுக்கிறார்கள்.

கம்பத்துப் பன்னீர்த் திராட்சை உண்பதற்கும் சாறு பிழிவதற்கும் சிறந்தது. அதை ஒயினாக்க விரும்புவோர் பாசனத்தையும் அறுவடை எண்ணிக்கையையும் குறைத்தே ஆக வேண்டும். எந்த ஊரிலும் ஒயினுக்காகக் கொடி நட எண்ணுவோர், நாற்று வாங்கும் முன் நிலத்தில் ஆழமாகக் குழி வெட்டி, நீர் ஊற்றி, அது எத்தனை நேரத்தில் வடிகிறதென்று பார்த்துவிடுவது நல்லது.