ஸ்பீடி என்னும் சிறு போர்க்கப்பல்

போர்க்கப்பலின் வலிமை அது சுமக்கும் பீரங்கிகளின் எண்ணிக்கையில் அடங்கியுள்ளது என்பது பொதுக் கருத்து. 'ஸ்பீடி' என்னும் பிரித்தானியக் கப்பலின் வரலாறு இக்கருத்தைச் சற்றே திருத்துகின்றது.

டோவர் நகரிற் கட்டப்பெற்று 1782 ஆம் ஆண்டிற் கடலில் இறக்கப்பட்ட இக்கப்பல், ஏறத்தாழ 78 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் உடையது. அதன் 14 பீரங்கிகளும் நான்கு இறாத்தற் குண்டையே எறிய வல்லவை. ஒரு பக்கத்துப் பீரங்கிகள் ஏழும் ஒருங்கே முழங்கினாலும் வெளிப்படும் இரும்பு 28 இறாத்தலே. 1794 இற் பிரெஞ்சுக்காரர் கைப்பட்ட ஸ்பீடி, மறு ஆண்டே மீட்கப்பட்டது. 1800 இல் அதன் தலைமையை ஏற்ற தாமஸ் கொக்ரேன் பிரபு நெடிய உருவினர். தமது அறையில் நிமிர்ந்து நிற்க இயலாமையால், மேற்றளத்துச் சாளரத்தின் வழியே தலையை வெளியே நீட்டி முகச்சவரம் செய்துகொண்டார்.

1801 மே 6 ஆம் நாள், பார்சலோனாவுக்கு அண்மையில், 32 பீரங்கிகளும் 319 பேரும் கொண்ட 'எல் காமோ' என்னும் ஸ்பானியக் கப்பல் எதிர்ப்பட்டது. ஸ்பீடியில் அன்றிருந்தோர் 54 பேரே. ஏனையோர், முன்னர்ப் பிடிபட்ட கப்பல்களைத் துறைமுகம் சேர்க்கச் சென்றிருந்தனர். எட்ட நின்று பொருதால் அழிவு உறுதி. ஆகவே, கொக்ரேன் முதலில் அமெரிக்கக் கொடியைக் காட்டி அணுகினார். பின்னர்த் தம் நாட்டுக் கொடியை ஏற்றி, எதிரியின் விலாவோடு உராயுமாறு கப்பலைச் செலுத்தினார்.

உயர்ந்த தளத்திலிருந்த ஸ்பானியப் பீரங்கிகளை அத்துணை தாழ்த்த இயலவில்லை. அவற்றின் குண்டுகள் ஸ்பீடியின் தளத்துக்கு மேலாகவே பறந்தன. ஸ்பீடியின் குண்டுகளோ கீழிருந்து மேலெழுந்து எதிரியின் தளத்தைத் துளைத்தன; ஸ்பானியத் தலைவரும் மாண்டார். அதன்பின், சுக்கானை மருத்துவரிடம் ஒப்புவித்து, ஏனையோர் எதிரிக் கப்பலில் ஏறினர். கைகலப்பின் நடுவே ஸ்பானியக் கொடி இறக்கப்படவே, தம்மவர் பணிந்துவிட்டனர் என்றெண்ணி எதிரிகள் போரை நிறுத்தினர். ஸ்பீடியினரில் மாண்டோர் மூவர்.

நெருங்கிய போரிற் காத்த சிறுமை, திறந்த கடலிற் காக்கவில்லை. அவ்வாண்டு யூலை 3 ஆம் நாள் பிரெஞ்சுப் பெருங்கப்பல்கள் மூன்று ஸ்பீடியைத் துரத்தின. பாரத்தைக் குறைக்கப் பீரங்கிகளையே கடலில் எறிந்தும் தப்ப வழியில்லை. வீணே உயிர்களைப் பலியிடாது கொக்ரேன் கொடியை இறக்கினார். அவர் நீட்டிய வாளைப் பெற மறுத்து, அதனை அவரே அணியுமாறு பிரெஞ்சுக் கப்பற்றலைவர் பணித்தார்.

பின்னர் நெப்போலியன் ஸ்பீடியைப் பாப்பரசர் ஏழாம் பத்திநாதருக்குப் பரிசாக அளித்தார். துணிந்து நெருங்க வேண்டிய வேளையையும், பணிந்து உயிர் காக்க வேண்டிய வேளையையும் ஒரே தலைவர் இரண்டு திங்களுக்குள் அறிந்து நடந்தமையே இச்சிறு கப்பலின் பெருமை.