கொள்ளைநோய்க் காலத்திற் குருவானவர் நோயுற்றால்



ஓர் ஊரிற் கொள்ளைநோய் பரவும்போது நோயாளியின் வீட்டு வாசலில் வைத்தியரும் குருவானவரும் சந்தித்துக்கொள்வது நெடுங்காலமாகவே உள்ளதொரு வழக்கம். வைத்தியர் நோயுற்றால் அயலூர் வைத்தியரை அழைக்கலாம். கத்தோலிக்கப் பங்கொன்றிலோ பெரும்பாலும் ஒரு குருவானவரே இருப்பார். பூசை, பாவசங்கீர்த்தனம், அவஸ்தைபூசுதல், அடக்கம் என்பன யாவும் அவர் கையை எதிர்பார்த்தே நிற்கின்றன. அவரே படுக்கையில் விழுந்துவிட்டால் அப்பங்கு என்ன செய்யும்?

இஃது ஏட்டளவிலான கேள்வியன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வட இத்தாலியிலுள்ள பெர்கமோ மேற்றிராசனத்திலே, கோவிட் நோய் பரவிய சில வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட குருமார் இறந்தனர். அவர்களுட் பலர் முதியவர். அதே மாதம் 18ஆந் திகதி இரவு இராணுவ வண்டிகள் பெர்கமோ நகரிலிருந்து சவப்பெட்டிகளை வரிசையாக ஏற்றிச் சென்ற காட்சியை உலகமே கண்டது. அயலிலுள்ள செரியாத்தே என்னும் ஊரில் சவப்பெட்டிகளை வைப்பதற்குக் கோயிலொன்றே திறந்துவிடப்பட்டது. பங்கு மக்களை அடக்கஞ் செய்ய வேண்டிய குருமாரே அம்மக்களோடு சேர்ந்து அடக்கத்துக்குக் காத்திருந்த நாட்கள் அவை.

குருமாரை இந்நோய் இவ்வளவு வாட்டியதற்குக் காரணந் தேட வேண்டியதில்லை. நோயாளரை, சிறப்பாக மரணத் தறுவாயிலுள்ளோரை, பங்குக்குரு தேடிச் செல்ல வேண்டுமென்பது திருச்சபைச் சட்டத்தின் 529ஆம் விதி. 2020 மார்ச்சு 10ஆந் திகதிப் பூசையிலே, குருமார் துணிவுடன் நோயாளரிடஞ் சென்று நற்கருணை வழங்க வேண்டுமென்று அன்றைய பாப்பரசர் பிரான்சிஸ் மன்றாடினார். ஆயினும், நோயாளர் வீட்டுக்குச் செல்லுங் குருவானவர் அங்கிருந்து நோயையும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் செல்லக்கூடும். ஒரு காலையில் நற்கருணையுடன் பத்து முதியவர்களைச் சந்திப்பவர், தாம் அறியாமலே அப்பத்துப் பேருக்கும் நோயைக் கொடுத்துவிடலாம். துணிவு மாத்திரம் இவ்விடத்திற் போதாது.

ஆகவே, தமது நோய் உறுதியானதுந் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியது, அதனை மறையாது அறிவித்தலாகும். கடந்த ஞாயிறு எந்தப் பூசைகளை நிறைவேற்றினார், எந்த வீடுகளுக்குச் சென்றார், யாருடன் அமர்ந்து உணவருந்தினார் என்ற விபரங்களைச் சுகாதார அதிகாரிகளிடம் உடனே கொடுத்தல் வேண்டும். இங்கே ஒரு நுட்பமுண்டு. பாவசங்கீர்த்தனத்திற் கேட்டவற்றைக் குருவானவர் எந்நிலையிலும் வெளியிடலாகாது. ஆனால், தாம் இன்ன நாளில் இன்ன மணிக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்ததாகவும், அப்போது வந்தவர்கள் வைத்தியரை நாட வேண்டுமென்றும் பொதுவாக அறிவிப்பதற்குத் தடையில்லை. அறைவீட்டில் ஒரே மேசையில் உண்ணும் உதவிக்குருவும் சமையற்காரரும் சங்கிலித்தாமும் தனித்திருக்க நேரும். ஒருவரின் காய்ச்சல் ஒரே நாளிற் பங்கு முழுவதையும் குருவின்றி ஆக்கிவிடுவது இவ்வாறுதான்.

பங்கின் ஆட்சியைப் பொறுத்தவரை சட்டந் தெளிவாகவே இருக்கின்றது. பங்குக்குரு கடமையாற்ற இயலாதவராயின், 541ஆம் விதிப்படி உதவிக்குரு தற்காலிகமாகப் பொறுப்பேற்பார். அவர் செய்தியை உடனே மேற்றிராணியாருக்குத் தெரிவித்தல் வேண்டும். மேற்றிராணியார் பின்னர் நிருவாகக் குருவொருவரை நியமிப்பார். நடைமுறையில், அயற் பங்கின் குருவானவர் இரண்டு பங்குகளையும் சுமப்பதே பெரும்பாலும் நிகழ்வது.

ஆனால், மரணப் படுக்கையில் இருப்பவனுக்கு விதியிலக்கங்களால் ஆறுதல் உண்டாகாது. அவன் கேட்பது, எனக்கு யார் வருவார் என்பதே. குருவானவர் வர இயலாதவிடத்து எவை இயலும், எவை இயலா என்பதைப் பங்கு மக்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. தேவையான வேளையில் ஞானஸ்நானத்தை எவரும் கொடுக்கலாம். தண்ணீரும், முறையான வாசகமும், திருச்சபையின் கருத்தோடு செய்யும் எண்ணமுமே வேண்டியவை. நற்கருணையை அதற்கென நியமிக்கப்பட்ட பொதுநிலையினரும் கொண்டு செல்லலாம். அவஸ்தைபூசுதலைக் குருவானவர் மாத்திரமே நிறைவேற்ற முடியும். எனினும், பாரதூரமான காரணமிருப்பின், கையாற் பூசாது ஒரு கருவியைக்கொண்டு பூசுவதற்கு 1000ஆம் விதி இடமளிக்கின்றது. பஞ்சுத் துண்டொன்றினாற் பூசினாலும் அது நிறைவான தேவதிரவிய அனுமானமே. பாவசங்கீர்த்தனத்தைத் தொலைபேசியிற் செய்தல் செல்லாது. ஆனால், உத்தம மனஸ்தாபப்பட்டு, வாய்ப்புக் கிட்டும்போது பாவசங்கீர்த்தனஞ் செய்வேன் என்று உறுதி பூணுபவனுக்குப் பாவமன்னிப்புக் கிடைக்கும் என்பது திருச்சபையின் பழைய போதனை. 2020 மார்ச்சு மாதத்தில் உரோமாபுரி அதனையே மீண்டும் நினைவூட்டியது. நமது பாட்டிமார் இரவிற் சொல்லிய மனஸ்தாப மந்திரம் இதற்காகவே மனப்பாடஞ் செய்விக்கப்பட்டது.

பெர்கமோவின் மேற்றிராணியார் பெஸ்கி இன்னுமொரு படி சென்றார். குருமார் நெருங்க முடியாத நோயாளரைப் பிள்ளைகளே ஆசீர்வதிக்கலாம், ஞானஸ்நானம் பெற்ற எவருக்கும் அந்த உரிமையுண்டு என்று அவர் எடுத்துரைத்தார். தந்தையை மகன் ஆசீர்வதிப்பது வழமைக்கு மாறாகத் தோன்றலாம். அந்நாட்களில் அதுவே கிடைத்த ஆசீர்வாதம்.

அக்காலத்திலே ஒரு கதையும் உலகெங்கும் பரவியது. அதே மேற்றிராசனத்துப் பங்குக்குரு ஒருவர், தமது பங்கு மக்கள் வாங்கிக் கொடுத்த சுவாசக் கருவியை இளைஞனொருவனுக்கு விட்டுக்கொடுத்து இறந்தார் என்பதே அது. அவ்வாறு நிகழவில்லையென்று பின்னர் தெளிவுபடுத்தப்பட்டது. அவர் நல்லவர், மக்களால் நேசிக்கப்பட்டவர், எனினும் மற்றவர்களைப் போலவே நோயினால் இறந்தார். வீர மரணத்தை விரும்பும் நாம், தனி அறையில் மூச்சுத் திணறும் ஒரு முதிய மனிதரைக் காண மறந்துவிடுகின்றோம் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

அந்த மனிதருக்கு மனைவி மக்கள் இல்லை. அறைவீட்டின் கதவுக்கப்பால் அவருக்குக் கஞ்சி வைப்பவர் யார்? இக்கேள்விக்கு நம் நாட்டு வரலாற்றில் ஒரு விடையுண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இங்குள்ள கத்தோலிக்கர் குருவானவரின்றியே வாழ்ந்தனர். செபங்களையும் ஞானஸ்நானத்தையும் பொதுநிலை மூப்பர்களே காத்து வந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேவாஸ் முனிவர், வந்தவுடனேயே வயிற்றோட்டத்தால் வருந்தினார். தொற்றுக்கு அஞ்சிய மக்கள் அவரை ஒதுக்கிவைத்த வேளையில், இரக்கமுள்ள பெண்ணொருத்தி கஞ்சி கொடுத்துக் காத்தாள் என்று அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுகின்றனர். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டு ஓடியபோது, அம்முனிவர் அவர்களுக்குக் குடிசை அமைத்து, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ் செய்தார். 2015 சனவரி 14ஆந் திகதி கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்ட வேளை, இத்தொண்டு பலராலும் நினைவுகூரப்பட்டது. அன்று கஞ்சி கொண்டு சென்றவளின் பெயரை யாரும் நினைவுகூரவில்லை.

இன்றைய பங்கொன்று செய்யக்கூடியதும் ஏறத்தாழ அந்தக் கஞ்சிதான். இரண்டு மூன்று குடும்பங்கள் முறைவைத்து உணவைக் கதவடியில் வைத்துவிட்டு விலகி நிற்பது. நாளுக்கு இருமுறை தொலைபேசியில் மூச்சு எப்படியிருக்கின்றதென்று கேட்பது. மருந்துச் செலவைக் குருவானவர் கேட்குமுன்னரே பங்குச்சபை எடுத்துரைப்பது. பல குருமார் தமக்கு நோயென்று சொல்லக் கூச்சப்படுவர். ஞாயிற்றுப் பூசை தவறிவிடுமே என்ற கவலையிற் காய்ச்சலை மறைத்துப் பீடமேறுபவரும் உளர். அக்கவலையை நீக்க வேண்டியவர்கள் மக்களே. பூசை காண இயலாத ஞாயிறுகளில் வீட்டிற் குடும்பமாகச் செபிக்கும்படி சட்டமே பரிந்துரைக்கின்றது. 2020ஆம் ஆண்டுப் பெரிய வாரத்தில் இலங்கையின் கோயில்கள் மூடியிருந்தபோது, மக்கள் வானொலியையும் தொலைக்காட்சியையும் சூழ்ந்திருந்து செபித்தனர்.

நோய் நீங்கி எழுந்த குருவானவருக்கு முதல் வாரங்களிற் கால்கள் தளரும். நிற்க இயலாத குரு அமர்ந்தபடியே பூசை செய்யலாமென்று 930ஆம் விதி கூறுகின்றது. ஆகவே, பீடத்தருகே ஒரு நாற்காலி வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் தம் பங்கு மக்களுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பது பங்குக்குருவின் கடன். படுக்கையிற் கிடந்த ஞாயிறுகளுக்கு வேறொரு குருவானவர் அதனை நிறைவேற்றியிராவிடில், விடுபட்டவற்றை எண்ணி, சுகமான பின்னர் அத்தனை பூசைகளையும் அவர் செய்து தீர்ப்பார்.