புதுவீட்டு டிவி: பாட்டிக்கும் கேட்க வேண்டாமா?

புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்ட லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் என்னிடம் கேட்பது, “எத்தனை அங்குல டிவி வாங்கலாம்?” வானொலியில் வேலை பார்ப்பவளிடம் கேட்டால், முதலில் ஒலியைக் கவனியுங்கள் என்றுதான் சொல்வேன்.

பலகை வீட்டில் எழாத எதிரொலி, சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள கூடத்தில் எழும். வசனம் கலங்கும். இளையவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். பாட்டியோ ‘எனக்குக் காது போச்சு’ என்று தாமே முடிவுகட்டி, அறைக்குள் போய்ப் படுத்துவிடுவார். தடித்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் போட்டுப் பாருங்கள். மெல்லிய டிவிகளில் ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோதான் இருக்கும். அதற்காக ஐந்து பெட்டி ஹோம் தியேட்டர் தேவையில்லை; வசனத்துக்கென நடுவில் தனி ஒலிபெருக்கி உள்ள சவுண்ட்பார் போதும். அதை டிவியில் ‘எச்டிஎம்ஐ ஏஆர்சி’ என்று எழுதியுள்ள துளையில் இணைத்தால், பெரும்பாலும் டிவி ரிமோட்டிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம்.

அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஓடு நாடு முழுவதும் நின்றுவிட்டது. டிவிபி-டி2 வசதியுள்ள டிவியோடு யூஎச்எஃப் ஏரியலை இணைத்தால் மாதக் கட்டணமின்றி மைஃப்ரீவியூ கிடைக்கும். மின்னல் பண்பலையும் அதிலேயே வரும் (போட்டி நிலையத்துக்கு நானே விளம்பரம் செய்கிறேன், பாருங்கள்!).

மாலை மழைக்கு வானம் கறுக்கும்போதே மின்செருகியைக் கழற்றுங்கள். கூடவே ஏரியல் கம்பியையும்.