பிரிட்டனின் முஸ்லிம்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 39 லட்சம் முஸ்லிம்கள் வாழ்வதாக 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதாவது நூற்றுக்கு 6.5 பேர். இவர்களை ஒரே சமூகமாகப் பார்ப்பது பொருந்தாது. ஏமன் மாலுமிகள் நீராவிக் கப்பல் காலத்திலேயே சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் குடியேறினார்கள். 1960களில் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரில் மங்களா அணைக்காக வீடும் நிலமும் இழந்த மீர்ப்பூர் மக்களில் பலர் பிராட்ஃபோர்ட், பர்மிங்ஹாம் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கிழக்கு லண்டனில் வங்கதேசத்தின் சில்ஹெட் வட்டாரத்தார் அதிகம். அங்கே பிரிக் லேன் பள்ளிவாசலின் கதை சுவையானது. 1743இல் பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் அகதிகள் கட்டிய தேவாலயம் அது. பிற்பாடு யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976இல் பள்ளிவாசலானது. சோமாலியரும் துருக்கியரும் தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களும்கூட இந்நாட்டில் உண்டு.

சிக்கல்களும் பலவிதம். ரமலான் ஜூனில் வந்தால் நோன்பு 18 மணி நேரத்தைத் தாண்டும். பிறை விஷயத்தில் சவுதி அறிவிப்பைச் சிலரும் வேறு கணக்கைச் சிலரும் ஏற்பதால், ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் நடப்பதுண்டு. இவற்றைவிடக் கடினமானது சட்டம். நிக்காஹ் என்ற மதவழித் திருமணம் மட்டும் செய்து, அரசுப் பதிவு செய்யாத பெண்ணுக்கு, மணமுறிவின்போது மனைவிக்குரிய சொத்துரிமை கிடைப்பதில்லை. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வட்டியை விலக்கும் மாணவர்களுக்கு அரசின் கல்விக்கடனும் எட்டாக்கனி. வட்டியில்லா மாற்றுத் திட்டத்துக்கு 2017லேயே சட்டத்தில் இடம் தரப்பட்டது. நடைமுறைதான் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.